மூன்று கறுப்பு விளக்குகள்

என் சகலைக்கு வாயைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்யும். அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். தெருத் தெருவாகப் போய், மாடிப்படிக்கு அடியிலும் சந்து மூலையிலும் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. குழாயில் காற்று மட்டும் வருகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் இவரைத்தான் பிடித்துத் திட்டுவார்கள். என்னவோ இவர்தான் ஆற்றைக் குடித்துவிட்டு வந்த மாதிரி. நானாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவர் தலையை ஆட்டிக்கொண்டு கடைசிவரை கேட்பார். திட்டி ஓய்ந்தவர்களுக்கு மனசு இளகிவிடும். அந்த நேரம் பார்த்து மெதுவாகக் கேட்பார், வீட்டில் பழைய கேமரா ஏதாவது சும்மா கிடக்கிறதா என்று.

அப்படிச் சேர்ந்ததுதான் அவ்வளவும். அலமாரியில், கட்டிலுக்குக் கீழே, சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் எல்லாம் கேமரா. பெட்டி மாதிரி சில, மூடியைத் திறந்தால் தோல் மடிப்பு விரிந்து மூக்கை நீட்டுகிற ரகம் சில. எல்லாம் எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவை. அவற்றைச் சும்மா துடைத்து அடுக்கி வைக்கிற ஆளும் இல்லை அவர். ஒவ்வொன்றாக ஃபிலிம் போட்டு லீவு நாளில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு ரோலுக்கு எட்டுப் படம்தான். அந்த எட்டை எடுக்க அவருக்குச் சில சமயம் ஒரு மாதம் ஆகும். கஞ்சன் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி எடுப்பார்.

அவர் மனைவி, அதாவது என் கொழுந்தியாள், ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே அதில் கொஞ்சம் மாட்டிக்கொண்டாள். காரணம் பாத்ரூம்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பழைய கேமராக்களின் முதுகில் சின்னதாகச் சிவப்புக் கண்ணாடி வைத்த ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகப் பார்த்துத்தான் எத்தனையாவது படம் என்று தெரிந்துகொண்டு சுற்ற வேண்டும். அந்த ஓட்டை வழியாக உள்ளே வெளிச்சம் போய் ஃபிலிம் கெட்டுவிடாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். போகாது என்றார். அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாதாம். நீலம் தெரியும், பச்சை தெரியும், சிவப்பு மட்டும் அதற்குக் கும்மிருட்டு. அந்த மாதிரி ஃபிலிம் இப்போதும் ஒரு சில இடங்களில் செய்கிறார்கள் என்றும், தன் கேமராக்களுக்கு அதுதான் சரிப்படும் என்றும் சொன்னார். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. மற்ற ஃபிலிமை இருட்டில் தடவித்தான் கழுவ வேண்டும். இதைச் சிவப்பு பல்ப் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணால் பார்த்தே கழுவலாம்.

அதனால் அவர் பாத்ரூமில் ஜன்னலை அடைத்துச் சிவப்பு பல்ப்பைப் போட்டுக்கொண்டு ஃபிலிம் கழுவுவார். என் கொழுந்தியாள் உள்ளேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. "எனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியல பாருங்க மாமா" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னால் எங்கள் குடும்பமே அந்தச் சிவப்பு பல்ப்பில் போய் மாட்டும் என்று அன்றைக்கு யார் கண்டது.

எனக்கும் சகலைக்கும் ஒரே மைத்துனன். வீட்டில் கடைக்குட்டி. சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் மனைவி, கொழுந்தியாள் இரண்டு பேரும் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். நல்லவன்தான். ஆனால் சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்ட மாதிரி எப்போதும் ஒரு அவசரம். சாப்பிடும்போதே எழுந்துவிடுவான்.

அன்று சகலைக்கு லீவு. மார்க்கெட் சாலை சந்திப்பில் தூண்கள் வைத்த பழைய பேங்க் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காலை வெயில் தூண்களில் விழுகிற நேரமாகப் போய், நடைபாதையில் கேமரா ஸ்டாண்டின் மூன்று காலையும் விரித்து, மடிப்புக் கேமராவை மேலே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கேமராவில் பார்ப்பதற்கு நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கும். தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு, பொத்தானில் விரலை வைத்து, வண்டிகள் ஓயட்டும் என்று காத்திருந்தார். சாலை கொஞ்சம் காலியாகத் தெரிந்ததும் அழுத்திவிட்டார். அழுத்துகிற அதே நொடியில் கண்ணாடிக்குள் ஒரு வேன் நுழைந்தது. தொடர்ந்து ஒரு சத்தம்.

நிமிர்ந்து பார்த்தால் சாலையைக் கடக்கிற கோட்டின் மேல் ஒரு அம்மா விழுந்து கிடந்தார். கையில் இருந்த துணி மூட்டை அவிழ்ந்து வெள்ளைச் சட்டைகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தது எங்கள் சின்னவன். சகலை கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். இரண்டு பேருமாகத்தான் அந்த அம்மாவைத் தூக்கினார்கள். தூக்கும்போதுதான் சகலைக்கு ஆள் தெரிந்தது. அவர் மீட்டர் பார்க்கிற தெருவில் சலவைக் கடை வைத்திருக்கிறவர். மீட்டர் மேல் வாளி இருந்தால் இவர் வருவது தெரிந்ததும் நகர்த்தி வைத்துவிட்டு, பார்த்து நடங்க, வழுக்கும் என்று சொல்கிற அம்மா.

உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

சிக்னல் பச்சையாக இருந்தது, அந்த அம்மாதான் குறுக்கே வந்துவிட்டார் என்று சின்னவன் சொன்னான். எனக்கு நடக்கிற ஆள் படம் பச்சையில் எரிந்தது, அதைப் பார்த்துத்தான் இறங்கினேன் என்று அந்த அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே சொன்னார். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. சிக்னலைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. அந்தச் சந்திப்பில் போலீஸ் மாட்டிய கேமரா எப்போதோ செத்துப்போயிருந்தது. கம்பெனி சின்னவனை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டது. சிவப்பில் போய் இடித்தான் என்று ஆனால் லைசென்ஸ் போகும், உள்ளேயும் போக வேண்டி வரலாம் என்று வக்கீல் சொன்னார். என் மாமியார் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

சகலையிடம் நான் தனியாகக் கேட்டேன். சிக்னலைக் கவனிக்கவே இல்லை, கட்டடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பட்டப்பகலில் சாலையோரத்தில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் சிக்னலைப் பார்க்காமல் இருக்க முடியுமா? இவரால் முடியும்.

சின்னவன்தான் பிடித்துக்கொண்டான். அவர் பார்க்காவிட்டால் என்ன, கேமரா பார்த்திருக்குமே என்றான். எல்லோரும் சகலையைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிரசித்தம்.

"ரோல்ல இன்னும் மூணு படம் பாக்கி இருக்கு."

என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளை, அந்த மூணு படத்தையும் நான் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், இப்போதே எடுத்து முடியுங்கள் என்றார். சகலை வெட்கப்பட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.

அந்தச் சின்ன பாத்ரூமில் அன்று மாலை நாங்கள் நெருக்கியடித்து நின்றோம். சிவப்பு பல்ப் எரிந்தது. சகலை ஃபிலிமின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, தட்டில் இருந்த மருந்தில் இப்படியும் அப்படியும் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். என் கொழுந்தியாள் வழக்கம்போல் முக்காலியில். மடியில் பட்டாணி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சின்னவன் கதவருகில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அங்கங்கே கறுத்தது. வானம், கட்டடம், வேனின் முதுகு என்று ஒவ்வொன்றாகத் தலைகீழ் நிறத்தில் மேலே வந்தன.

காய வைத்து, கறுப்பு வெள்ளைப் படமாகத் தாளில் அச்சுப் போட்டு எடுத்து வந்து கூடத்து மேஜையில் வைத்தார். சாலையைக் கடக்கிற கோட்டின் மேல் வேன் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு கையை உயர்த்தியபடி. இடிக்கப் போகிற அந்த ஒரு கணம். வலது மூலையில் சிக்னல் கம்பம். சின்னவன் வந்த பக்கத்துக்கான சிக்னல்தான் அது என்பது தெளிவாகத் தெரிந்தது; நடக்கிறவர்களுக்கான விளக்கு படத்தில் வரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். மேலே ஒரு வட்டம், நடுவில் ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம். மூன்றும் கறுப்பு.

சின்னவன்தான் முதலில் பேசினான்.

"சிக்னலே எரியலயே. செத்துக் கிடந்திருக்கு."

அப்படியானால் யார் மேலும் தப்பில்லை. அந்த வாரம் அந்தப் பகுதியில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது என்று எல்லோருக்கும் உடனே ஞாபகம் வந்தது. எரியாத விளக்கைப் பச்சை என்று பதற்றத்தில் நினைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றான் சின்னவன். மாமியார் அழுதுகொண்டே சகலையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மனைவி சோறு போட்டாள். அத்தனை நாள் கழித்து அந்த வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். சகலை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கொழுந்தியாளும் அன்று அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சகலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் கேமரா ஸ்டாண்டு.

"ஒரு வேலை இருக்கு சகலை. கூட வாங்க."

அந்தச் சந்திப்புக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். அதே இடம், அதே கேமரா, அதே மாதிரி ஃபிலிம். அன்றைக்கு மாதிரியே வெயில். பேங்க் பக்கம் திரும்பாமல் சிக்னலையே குறிவைத்தார். பச்சை எரியும்போது ஒன்று. மஞ்சள் எரியும்போது ஒன்று. சிவப்பு எரியும்போது ஒன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சகலை, அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு..."

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். இந்தக் காலத்து விளக்கு வேற மாதிரி ஆச்சே, தெரிஞ்சாலும் தெரியலாம். தெரியணும் சகலை. தெரிஞ்சுட்டா அன்னிக்கு நிஜமாவே எரியலன்னு அர்த்தம். நான் நிம்மதியாத் தூங்கிடுவேன்."

தான் எண்ணியது பொய்யாகப் போக வேண்டும் என்று அப்படி வேண்டிக்கொண்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. கொழுந்தியாள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஃபிலிமைக் கழுவினோம். அச்சுப் போட்டு வரிசையாக வைத்தார். பச்சை எரிந்த படத்தில் கீழ் வட்டம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மஞ்சள் எரிந்த படத்தில் நடு வட்டம் மங்கலாக, சாம்பல் பூசியது போல் இருந்தது. சிவப்பு எரிந்த படத்தில் மூன்று வட்டமும் கறுப்பு.

பக்கத்தில் விபத்துப் படத்தை வைத்தார். வைக்கவே தேவையில்லை.

எனக்குக் கோபம் வந்தது. சின்னவன் மேல் வந்திருக்க வேண்டும், சகலை மேல் வந்தது. இதை யார் உங்களிடம் கேட்டது என்று கத்தினேன். போலீஸ் கேட்டதா, வக்கீல் கேட்டாரா? ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதியை நீங்களாகப் போய்த் தோண்டி எடுத்து, கூடப் பிறந்தவளை விதவைக் கோலத்தில் பார்க்கிற மாதிரி உங்கள் மாமியாரை உட்கார வைக்கப் போகிறீர்களா என்றேன். உவமை கொஞ்சம் எசகுபிசகாகத்தான் வந்தது. கோபத்தில் எனக்கு அப்படித்தான் வரும். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் உங்களுக்குக் கைவந்த கலை ஆயிற்றே, இதிலும் மூடிக்கொண்டு இருங்கள் என்றும் சொன்னேன். அவர் வழக்கம்போல் தலையை ஆட்டினார். தன் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தம்பி என்றால் அவளுக்கு உயிர், அவள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது என்றார். சோதனைப் படங்களை ஒரு கேமராவின் வயிற்றுக்குள் சுருட்டி வைத்து மூடினார்.

என் வயிற்றில் எதுவும் தங்காது என்பார்கள். இது தங்கியது. தங்கி, கல்லாகக் கனத்தது.

சின்னவனும் வக்கீலும் போலீஸுக்குப் படத்தைக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், அவருக்கும் ஒரு தலைவலி குறைந்தது. படம் எடுத்தவர் ஒருநாள் நேரில் வந்து, இது நான் எடுத்ததுதான், இதில் எந்தத் திருத்தமும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றார். அதற்கு ஒரு நாளும் குறித்தார்.

அந்த நாள் வருவதற்குள் சலவைக் கடைத் தெருவுக்கு மீட்டர் பார்க்கப் போகிற முறை வந்துவிட்டது. சகலை அந்தத் தெருவை வேறு ஆளிடம் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. போன கதையை அவரே என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போது ஒரு டம்ளர் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

கடை பாதி சாத்தியிருந்ததாம். அந்த அம்மாவின் கணவர் தனியாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மீட்டர் மேல் வாளி அப்படியே இருந்தது. இவரே நகர்த்தி வைத்துவிட்டுக் குனிந்தார். உள்ளே கட்டிலில் இருந்து அந்த அம்மா குரல் கேட்டது, பார்த்து, வழுக்கும் என்று. இவருக்கு எண் கண்ணில் தெரியவில்லை. அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அன்றைக்குத் தூக்கிவிட்டதற்கு நன்றி சொல்லியிருக்கிறார். பிறகு தயங்கிக் கேட்டாராம்.

"தம்பி, நீங்க படம் எடுத்தீங்களாமே. சிக்னலே எரியலன்னு அதுல இருக்காம். எனக்கு அந்தப் பச்சை ஆள் எரிஞ்சது கண்ணுக்குள்ளயே நிக்குதுப்பா. இல்லாதது எப்படி எனக்குத் தெரிஞ்சுது? எனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

அவர் கணவரும் இப்போது நம்புவதில்லையாம். மகள் வந்து, எதற்கும் மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் அம்மா என்கிறாளாம். அந்த அம்மா ராத்திரி பகல் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். இடுப்பு வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"அவங்க பார்த்தது சரி சகலை," என்றார் இவர். "நான் அங்க உட்கார்ந்து தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். எப்பவும் ஆட்டற மாதிரி."

முன்பு சொன்னதையே இன்னொரு தடவை சொன்னேன், ஆனால் குரல் எழும்பவில்லை.

போலீஸுக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை எல்லோரும் சகலை வீட்டில் கூடினோம். சின்னவன் முகத்தில் தெளிவு வந்திருந்தது. கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மாமியார் மகனுக்கு என்னென்னவோ செய்து கொண்டுவந்திருந்தார். மேஜையில் அந்தப் படத்தின் இன்னொரு பிரதி கிடந்தது. என் மனைவி காபி கொடுத்தாள். சகலை அதைத் தொடவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஏதோ செய்யப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"நாளைக்கு ஒரு வார்த்தைதான் சின்ன மாமா," என்றான் சின்னவன். "நான் எடுத்ததுதான்னு சொல்லிட்டு வந்துடுங்க."

சகலை எழுந்தார். அலமாரியில் இருந்து ஒரு பெட்டிக் கேமராவை எடுத்து, முதுகைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த மூன்று படங்களை எடுத்து மேஜையில் நீவி விரித்தார். நாளைக்கு இதையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்பதை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவனுக்கு உடனே புரிந்தது. அவன் முகம் போன போக்கிலேயே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஒரு ஓட்டைப் பெட்டியை நம்பி என்னைக் காட்டிக்கொடுக்கிறீர்களா, ஃபிலிமுக்குக் கண் தெரியாது காது கேட்காது என்று கதை விடுகிறீர்களா, இதை யார் நம்புவார்கள் என்று குதித்தான். மாமியார், மாப்பிள்ளை என் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். என் மனைவி என்னைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்று. நான் தரையைப் பார்த்தேன்.

கடைசியில் எல்லோரும் என் கொழுந்தியாளைப் பார்த்தோம். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் சகலை நிற்க மாட்டார். அது எல்லோருக்கும் தெரியும். சகலைக்கும் தெரியும். அவர் அவளைப் பார்க்காமல் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு புது ஃபிலிம் ரோலை எடுத்தாள். தம்பியின் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவாளாமே, அப்படித்தான் இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். அவனை உள்ளே தள்ளி, நாங்களும் நுழைந்ததும் கதவைச் சாத்தி, சிவப்பு பல்ப்பைப் போட்டாள். ரோலைப் பிரித்து, ஃபிலிமை உருவி, அவன் இரண்டு கையிலும் நீளமாகப் பிடிக்க வைத்தாள்.

"இந்த வெளிச்சத்துல உன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியுது," என்றாள். "உன் கையில இருக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு, இது கெடாது. கழுவிக் காட்டச் சொல்றேன். ஒண்ணுமே இருக்காது."

அவன் ஃபிலிமைப் பிடித்தபடி நின்றான். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவன் கண் கலங்கியது எங்களுக்குத் தெரிந்தது.

"இப்ப சொல்லு. அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

தட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னான், யாரும் வரவில்லை என்று நினைத்தேன் அக்கா என்று. சிவப்பு விழுந்துவிட்டது தெரியும், ஆள் யாரும் இல்லை என்று நினைத்து அடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். ஃபிலிம் அவன் மடியில் சுருண்டு விழுந்தது. அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எங்கள் எல்லோருக்கும் அழுகை வந்தது. நான் அழவில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை.

சகலைதான் மனைவியிடம் கேட்டார். உனக்கு எப்போது தெரியும் என்று.

"இந்தப் பல்ப்புக்குக் கீழ உட்கார்ந்து இத்தனை வருஷமா பட்டாணி உரிச்சிருக்கேன். அன்னிக்கே தெரியும்." தம்பியின் தலையை விடாமலே சொன்னாள். "என் தம்பியாச்சே, என் வாயால சொல்ல வரல. நீங்க சொல்வீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன். சொல்லாம இருந்திருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேங்க. அதை நினைச்சாதான் பயமா இருக்கு."

அவ்வளவு நாளும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் அதே விஷயத்தை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். என்னிடம் அவர் வந்து கொட்டினார். அவள் யாரிடமும் கொட்டவில்லை.

மறுநாள் சின்னவன் தானாகவே போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். கூடச் சகலையும் நானும் போனோம். என்ன நடக்குமோ அது நடந்தது. லைசென்ஸ் போயிற்று, வேன் ஓட்டுகிற வேலை போயிற்று, கேஸ் இன்னும் நடக்கிறது. உண்மையை ஒப்புக்கொண்டதால் கொஞ்சம் இரக்கம் காட்டலாம் என்று வக்கீல் சொல்கிறார். இப்போது ரொட்டிக் கம்பெனியிலேயே உள்ளே மூட்டை தூக்குகிறான். மாமியார் சகலையிடம் பேசுவதில்லை. என்னிடம் பேசுகிறார், அதுவும் சாப்பிட்டீர்களா என்கிற அளவில். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னது முழுத் தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அதன்பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராகச் சகலை சலவைக் கடைக்குப் போனார். நானும் போனேன். கணவரும் மகளும் இருந்தார்கள். படங்களை அந்த அம்மாவின் போர்வை மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக விரலை வைத்து விளக்கினார். எங்கள் மைத்துனன்தான் ஓட்டினான் என்பதையும் சொன்னார். மகளுக்குக் கோபம் வந்து என்னென்னவோ கேட்டாள். நியாயமான கோபம். நாங்கள் நின்று வாங்கிக்கொண்டோம். அந்த அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று கறுப்பு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குப் பச்சை தெரிஞ்சது நிஜந்தானே?" என்று கேட்டார்.

சகலை தலையை ஆட்டினார். பிறகு, அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறந்து சொன்னார்.

"நிஜந்தாங்கம்மா. நீங்க பார்த்தது சரி."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடி, எங்கள் எதிரிலேயே, நாங்கள் கிளம்புவதற்குள் தூங்கிப்போய்விட்டார்.